சொவரு இன்னா கல்லு?

என் அம்மா வடிவு நெமிலிச்சேரி ஸ்டேஷன் ரோட்டில் இருபத்திரண்டு வருடம் ஹார்டுவேர் கடை நடத்தினாள். எட்டாவது வரை படித்தவள். டி.வி. டிஷ் மாட்டப் பிராக்கெட் கேட்டு யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "சொவரு இன்னா கல்லு?" பதில் தெரியாதவருக்குச் சாமான் கிடைக்காது. "பொண்ணு கேட்டா வந்தோம், இந்தக் கேள்வி கேக்குற?" என்று முனகுவார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

பங்குனியில் இறந்துவிட்டாள். மாரடைப்பு. நான் சொல்லப்போவது அதற்கு நான்கு மாதம் முந்தைய ஒரு நாள்.

அன்று புயல் எச்சரிக்கை. என் கம்பெனிக்கு லீவு. அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள், கடையில் நான். காலையில் வீரராகவன் என்பவர் வந்தார். மூன்றாவது மாடி வீடு, மேலே சன்ஷேடு மறைக்கிறது. பால்கனிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே நீளும் பிராக்கெட்டும் ஒரு கம்பமும் வேண்டும் என்றார்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். அறுபது சென்டிமீட்டர் டிஷ், நூறு கிலோமீட்டர் வேகக் காற்று: பதினாறு கிலோ இழுப்பு. கனமான ஜி.ஐ. பைப், தடித்த பிராக்கெட், சுவருக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் நான்கு எடுத்துக் கொடுத்தேன். நான் இஞ்சினியர் என்றும் சொன்னேன். பெருமையாக இருந்தது.

அம்மா ஒன்றரை மணிக்கு வந்தாள். சொன்னேன்.

"எந்த ஊடு?"

"தண்ணி டேங்க் பக்கத்துல, புது ஃபிளாட்."

மாவுக் கூடையைக் கீழே வைத்தாள். "அது பூரா லைட் வெயிட் கல்லுடா சரணு. ஆங்கர் போல்ட்டு அதுல புடிக்காது, உதுந்துடும். நீ கேக்கலியா?"

"கேக்கல."

சுவரைத் துளைத்து மறுபக்கம் வைத்து முடுக்குகிற இரும்புத் தகடும் நீள போல்ட்டுகளும் ஸ்பேனரும் எடுத்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன், பின்னால் ஏறினாள்.

காற்று எழுந்துவிட்டிருந்தது. போய்ச் சேர்ந்தபோது டிஷ் மாட்டியாகியிருந்தது. அதற்கு நேர் கீழே தெருவில் ஒரு இஸ்திரி வண்டி. பார்வதம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தேன். பைப் வளையவில்லை. பிராக்கெட்டோடு சேர்ந்து ஆடியது.

"பார்வதம், வண்டிய தள்ளுடி!"

"எங்க தள்றது வடிவக்கா? சக்கரம் ஒடஞ்சி செங்கல்லு மேல நிக்குது. இன்னும் ஆறு துணி கீது. தட்டு வுழுந்தா அதுலயே உனக்கு அப்பளம் சுட்டுத் தரேன்."

வீரராகவன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, வித்த சாமான திருப்பி வாங்கினு போவ வந்தியா?"

"கயட்டணும் சார். சொவரு தாங்காது."

"இப்பதான் படமே வந்திச்சு. மேட்ச் ஓடுது. சாயங்காலம் வா."

அம்மா பார்வதத்தின் பக்கத்தில், டிஷ்ஷுக்கு நேர் கீழே போய் நின்றாள். "நீ மேட்ச்சு பாரு சார். நா இங்கியே நிக்கிறேன்."

"அம்மா, தள்ளி வா!"

"நீ மேல ஓடு. தொறப்பாரு."

திறந்தார், திட்டிக்கொண்டே. பால்கனிச் சுவருக்கு மேல் சாய்ந்து முதல் போல்ட்டைத் தொட்டேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலிலேயே சுழன்றது. வெள்ளைத் தூள் கொட்டியது. கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு காற்று வந்தது. என் கணக்கு சரிதான், பதினாறு கிலோ இருக்கும். மேல் போல்ட் இரண்டும் துண்டுக் கல்லோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. நேர் கீழே அம்மாவின் வகிடு தெரிந்தது. அவள் நகரவில்லை.

"சார், புடிங்க!"

வீரராகவன் பாய்ந்து பிடித்தார். இருவருமாக டிஷ்ஷோடு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டோம்.

அம்மா மெதுவாக மேலே வந்தாள். வாசலுக்கு முந்தின படியில் உட்கார்ந்துவிட்டாள். தகட்டை அங்கிருந்தே நீட்டினாள். "காத்து நின்னதும் இத்த வெச்சி மாட்டுங்க."

"இஞ்சினியருன்னான் உன் புள்ள" என்றார் வீரராகவன்.

"பைப்பு நல்ல பைப்பு சார்" என்றாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். மாவு நனைந்திருக்குமோ என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகும் அந்த நாளைப் பற்றி அவள் பேசவில்லை.

அன்று படியில் ஏன் உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை.