மட்டாஞ்சேரி ஆப்பிளும் விஷுக்கணியும்

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு மொட்டைமாடியில், பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு ஆப்பிள் மரம் நிற்கிறது. வெயில் தாங்குகிற ரகம் என்று சொல்லி எர்ணாகுளத்தில் யாரோ என் கணவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்போதுதான் பூக்குமாம் என்று மார்கழியில் அவர் இலை முழுவதையும் உருவிப் போட்டார். மொட்டையாக நின்ற மரம் சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் பூத்தது. காய்த்த மூன்றில் ஒன்று உதிர்ந்தது, ஒன்றை அணில் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒற்றைக் காயை நம்பி, இந்த விஷுவுக்கு, விடிந்ததும் கண்திறந்து முதலில் பார்க்கிற எங்கள் வீட்டுக் கணியில் எங்கள் ஆப்பிள்தான் என்று சாயாக்கடையில் சொல்லிவிட்டு வந்தார், மனுஷர்.

அன்றிலிருந்து எதிர்வீட்டுச் சேட்டன் தினமும் தன் மாடியிலிருந்து, "சாமீ, ஆப்பிள் பழுத்தோ?" என்று குரல் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் புருஷனை நான் கேலி செய்யலாம், ஊர் செய்யக் கூடாது.

காய்க்குச் சிவப்பு ஏற ராத்திரியில் குளிர வேண்டுமாம். கொச்சியில் குளிருக்கு எங்கே போவது? வெயிலையாவது முழுசாகக் கொடுக்கலாம் என்று, பூச்சிக்குப் பயந்து கட்டியிருந்த காகித உறையைக் கழற்றினார். காயை மறைத்த இலைகளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளினார். அடியிலிருந்தும் வெளிச்சம் படட்டும் என்று என் சமையலறை அலுமினியத் தாளை டிரம்மைச் சுற்றி விரித்தார். தண்ணீரைக் குறைத்தார். நிழல் விழுகிறதென்று என் புடவைகளைக் கொடியிலிருந்து நாடு கடத்தினார். நான் கத்தினேன். கத்திவிட்டு, அவர் தூங்கும் மத்தியானங்களில் நானே மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கன்னம் மட்டும் சிவக்க ஆரம்பித்திருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அவரிடம் சொல்லவில்லை.

விஷுவுக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் மேலே போனோம். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி லேசாகத் தூக்கினார். பழுத்திருந்தால் காம்பு தானாக விட்டுக்கொடுக்குமாம். விடவில்லை. அடிப்பக்கம் இன்னும் பச்சை.

"ஒரு இழு இழுத்துடுங்கோளேன். சிவந்த பக்கத்தைத் திருப்பி வச்சா யாருக்குத் தெரியப்போறது?"

"பழுக்கலை. விடு."

கீழே இறங்கிப் போய்விட்டார். விடிந்தால் தெரு சிரிக்குமே என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழக்கடைக்குப் போய் ஒரு சிவப்பு ஆப்பிள் வாங்கி, ஸ்டிக்கரை உரித்து, கிருஷ்ணன் சிலைக்கு முன்னால் இருந்த கணி உருளியில் வெள்ளரிக்காய்க்கும் கொன்றைப்பூவுக்கும் நடுவில் வைத்தேன்.

விடியற்காலை அவர் கண்களைப் பொத்தி அழைத்துவந்து கணி முன்னால் நிறுத்திக் கையை எடுத்தேன். கிருஷ்ணனைப் பார்த்தாரோ இல்லையோ, ஆப்பிளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பறிச்சுட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் ஓடினார். முட்டிவலி எங்கே போனதோ. பிறகு எதிர்வீட்டுச் சேட்டனின் வழக்கமான கேள்வி கேட்டது. தொடர்ந்து இவர் குரல், கூச்சமே இல்லாமல், தெரு முழுக்கக் கேட்கும்படி: "இல்லை சேட்டா, பழுத்தில்லா! கணியில் வச்சது கடையில் வாங்கினது!"

போச்சு, மானம் போச்சு என்று நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"கண்ணை மூடிக்கோ," என்றார்.

"எனக்கெதுக்கு? கணி வச்சதே நான்தானே."

"அதான். உனக்கு யாரு கணி காட்டியிருக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் கணி வைப்பவள் நான். வைத்தவளுக்குக் கண்ணைப் பொத்த ஆள் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்கூட. மண் வாசனை அடிக்கும் அவர் கைகள் என் கண்மேல் இருக்க, ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி ஏறினேன். கை விலகியபோது எதிரே கிளையிலேயே இருந்தது எங்கள் ஆப்பிள், பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையால் இன்னும் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டே இருந்திருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன்.