தேன்குழல் டின்னோடு வண்டி வாங்கப் போனேன்

போன வருடம் ஆடி மாதம், காரைக்குடியில் ஒரு வண்டி ஷோரூமில் நடந்தது இது. கொத்தமங்கலத்தில் கல்யாணப் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். அதுவரை வாடகை வண்டியில்தான் டின்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் டின்னைத் திறந்தால், தேன்குழல் பாதிக்குமேல் நொறுங்கிக் கிடந்தது. உடைந்ததைச் சீர்த்தட்டில் வைப்பார்களா? பெண்ணின் அம்மா எனக்கு முகம் கொடுத்தே பேசவில்லை. அடுத்து ஆவணிக்கு ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. அதுவும் உடைந்தால் பத்து வருடப் பெயர் போய்விடும். சொந்த வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பேரம் பேசுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெருமையாகவே சொல்கிறேன். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், ஷோரூம் காற்றாடும். அதனால் ஆடியில் விலை பேசிப் பதிவு செய்துவிட்டு, ஆவணி பிறந்ததும் எடுப்பது என் திட்டம். கையில் ஒரு டின் தேன்குழலும் கொண்டுபோனேன். விலை படிந்ததும் எல்லோருக்கும் கொடுத்தால், கூட ஒன்றிரண்டு சாமான் இலவசமாகக் கேட்கலாம் இல்லையா?

உள்ளே நின்றதிலேயே பெரிய லோடு வண்டியைக் காட்டினேன். மேனேஜர் என்னைவிடச் சின்னவர், நன்றாகப் பேசினார். நான் விடவில்லை. சிவகங்கையில் வாங்கி வைத்திருந்த விலைப்பட்டியலை மேஜையில் விரித்து, எதற்கு இந்தச் செலவு, எதற்கு அந்தச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் மனிதர் இறங்கி வந்துவிட்டார். முன்பணத்தை எடுக்கப் பையைத் திறந்தேன்.

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், “வெலையவே பேசிக்கிட்டு இருக்க. வண்டிய ஒரு தடவ ஓட்டிப் பாக்க வேணாமா?” என்றார். வண்டியை ஓட்டப்போவதே அவர்தான். எனக்குச் சுருக்கென்றது.

கைச்சுமையாக இருக்கிறதே என்று டின்னை வண்டியில் லோடு ஏற்றும் இடத்தில் வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கிராமத்துச் சாலையில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். திரும்பி வந்து, எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று டின்னைத் திறந்தேன். உள்ளே தூள்தான் இருந்தது.

மேனேஜர் அசரவில்லை. “வெறும் வண்டி அப்புடித்தான் தூக்கிப் போடும் அக்கா. லோடு ஏத்துனீகன்னா அமுங்கிரும்.”

“நான் என்ன ஆத்தங்குடிக் கல்லா ஏத்தப் போறேன், தம்பி? எத்தன டின் அடுக்குனாலும் எடம் அடைக்குமே தவிர எடை இருக்காது. எனக்கு இது என்னைக்கும் வெறும் வண்டிதான்” என்றேன்.

பேசி முடித்த விலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் இரண்டு டின்னோடு போய், அங்கேயே இருந்த ஒரு சின்ன மூடு வேனை அதே சாலையில் ஓட்டச் சொன்னேன். ஒரு தேன்குழல்கூட உடையவில்லை. அதற்குத் தள்ளுபடியே கிடையாது என்றார் மேனேஜர். தேன்குழலை அவர் பக்கம் நகர்த்தி வைத்து, “ஆவணி பொறந்தா நீங்க சொல்ற வெல. இன்னைக்கி நான் சொல்ற வெல” என்றேன். சிரித்துவிட்டார். முதல் வண்டிக்குக் குறைத்த அளவு குறையவில்லை, ஆனாலும் குறைந்தது.

ஆவணியில் அந்த வேனில்தான் பலகாரம் போனது. கல்யாண வீட்டில் ஒவ்வொரு டின்னாக நானே திறந்து பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன.

இப்போது எங்கள் பக்கத்தில் யார் வண்டி வாங்கினாலும் பேரம் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் ஜம்மென்று போகிறேன். விலையைத் தொடுவதற்கு முன்னால், “இதுல என்னத்த ஏத்தப் போறீக?” என்று கேட்டுவிடுகிறேன், அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு டின் தேன்குழல் தூளாக வேண்டியிருந்தது.