தள்ளிவிட்டு நின்றவர்

பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலம். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகிற வாடகைக் காரை வாஞ்சூர் எல்லைச் சாவடியில் நிறுத்தி, சோதனைக்காக எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள்.

"அணைச்சா கிளம்பாதுங்க" என்றார் டிரைவர். அணைத்தார். கிளம்பவில்லை.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். பருத்த உடம்பு, வெள்ளைக் கைலி. தோள்துண்டை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். நாகப்பட்டினத்தில் அவருடைய உம்மா மௌத்தாகியிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் அடக்கம். அதற்குள் முகம் பார்க்க வேண்டும். ஆனால் இருப்புக்கொள்ளாமல் இறங்கி ஏறித் தவித்தது என்னவோ நான்தான்.

டிரைவர் பானட்டைத் தூக்கி, உப்புக்காற்றில் நனைந்த பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். ஹேண்டில் போட்டுச் சுற்றினார். கார் இருமியது, அடங்கியது.

"என்னங்க, வண்டிக்கு இளைப்பு நோயா?" என்றேன்.

"கடலோரத்துல இருந்து பாருங்க, உங்களுக்கும் வரும். இறங்கித் தள்ளுங்க."

தள்ளினோம். எங்கள் எல்லோரையும்விடப் பெரியவர்தான் அழுத்தித் தள்ளினார். தடுப்புக் கம்பைத் தாண்டியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறினோம். டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ஆரன் அடித்தார். பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"வாங்க பாய், மறுபடி அணைஞ்சுடும்."

"நீங்க போங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம், உம்மாவை எடுத்துடச் சொல்லுங்க தம்பி."

வீட்டை விசாரித்துப் போய்ச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள்.

மூச்சு இரைத்து நின்றாரா, அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றாரா? பயந்தவர் அவ்வளவு பலமாகவா தள்ளுவார்?