கம்பிகளின் உயரம்

எஃகுக் கம்பியை அழுத்திவிட்டு விரல்நுனியை முகர்ந்தால் இரும்பு வாடை அடிக்கும். பாளையங்கோட்டையில் நான் ஒன்பதாம் வகுப்பும் தங்கை மீனா ஏழாம் வகுப்பும் படித்த அந்த வருடம், எங்கள் இருவர் கையிலும் அந்த வாடைதான். மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கொடுத்து, "ரெண்டு பேரும் சண்டை போடாம வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் எனக்கு, பள்ளிவிட்டு வந்தபின் அவளுக்கு என்று அம்மா முறை பிரித்தாள்.

நான் இசைக்குறிப்புத் தாளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி ஒரு மாதம் படித்ததை மீனா காதால் கேட்டே வாசித்துவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவளைத்தான் வாசிக்கச் சொல்வார். "பெரியவனுக்கு இன்னும் கை படியல" என்றும் சேர்த்துச் சொல்வார். எனக்கு வயிறு எரிந்தது.

கிட்டாரின் அடியில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு குட்டித் திருகாணிகள் உண்டு. கூடவே வந்த வளைந்த சாவியால் திருகினால், விரல் வைத்து அழுத்தும் கழுத்துப் பலகையை விட்டுக் கம்பி எழும்பும். எழும்ப எழும்ப அழுத்துவது பெரும்பாடு. சித்தப்பா அதை எனக்கு மட்டும்தான் காட்டியிருந்தார். தினமும் என் முறை முடிந்ததும் இரண்டு சுற்று ஏற்றி வைப்பேன், மறுநாள் விடிந்ததும் இறக்கிக்கொள்வேன்.

"கம்பி கடிக்குண்ணே" என்று சிவந்த விரல்நுனிகளைக் காட்டுவாள். "பழகுனா சரியாப் போவும்ட்டி" என்பேன். வெட்கமில்லாமல் தேங்காயெண்ணெய்கூடத் தடவிவிட்டேன். கொப்புளம் உடைந்த அன்று அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ரோதனை, பேசாம விட்டுருட்டி" என்றாள். மறுவாரம் மீனாவே கிட்டாரைப் பைக்குள் வைத்து மூடி, "எனக்கு விரலு பத்தாதுண்ணே, நீயே வச்சுக்கோ" என்று நீட்டினாள். அதன்பிறகு திருகாணிகளைத் தொடும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று.

நானாவது உருப்படியாக வாசித்தேனா என்றால் அதுவுமில்லை, கல்லூரிக்குப் போனதும் விட்டுவிட்டேன். அந்த வீடும் கைமாறிவிட்டது, கிட்டார் யாரிடம் போனதென்றே தெரியவில்லை. எத்தனையோ தீபாவளிக்கு இதை அவளிடம் சொல்லிவிட வேண்டுமென்று போய், சொல்லாமலே திரும்பியிருக்கிறேன்.

போன மாதம் சேரன்மகாதேவியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய மகள் கிட்டார் வகுப்பில் சேரவேண்டுமென்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்க மாமா எனக்கு எவ்வளவு பொறுமையாச் சொல்லித் தந்தாவ, தெரியுமா? எனக்குத்தான் வரல" என்றாள் மீனா. "உனக்கும் என் விரலுதாம்ட்டி. வேண்டாம்."

அந்தப் பிள்ளை தன் விரல்களை விரித்துப் பார்த்தது. நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.