தட்டில் இறங்காத பற்றறி

மின்சாரக் காருக்குள் இரண்டு பற்றறிகள் இருப்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. காரை ஓட்டுவது அடியில் இருக்கும் பெரியது. கதவைத் திறப்பதும் காரை எழுப்புவதும் முன்மூடிக்குள் இருக்கும் சின்னது. அந்தச் சின்னது செத்துப்போயிற்று. பெரியதற்கு இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் கார் கல்லுப்போல நின்றது. மறுநாள் விடிய, இரத்தம் சுத்திகரிக்க மனைவியை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை தவறினாலும் அவளுக்கு மூச்சு முட்டும்.

மனைவியின் தமையன், என் மச்சான், தன் மோட்டார் சைக்கிளில் என்னை அச்சுவேலியில் உள்ள பற்றறிக் கடைக்கு ஏற்றிப்போனார். எங்கள் வீட்டுக்கு எது வாங்கினாலும் அவர்தான் முன்னுக்கு நின்று கதைப்பார். கடைக்காரர் அவரோடு படித்தவர்.

பழைய பற்றறியை உரப்பைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். இதே அளவு, இதே பக்கம் பிளஸ் முனை என்று காட்டத்தான். பையை அவிழ்க்கவே இருவரும் விடவில்லை.

“கறன்ற் காருக்கு என்னத்துக்கு ஐசே பற்றறி?” கடைக்காரர் சிரித்தார். “கப்பலுக்குத் துடுப்பு வாங்க வந்த மாதிரியெல்லோ கிடக்கு.”

“வான் வண்டிக்குப் போடுற பெரிசாக் குடு. கனகாலம் கிடக்கும்,” என்றார் மச்சான்.

“அது காரிலை பற்றறி வைக்கிற தட்டுக்குள்ளை இறங்காது...” என்று தொடங்கினேன்.

“உவருக்கு என்ன தெரியும்? அஞ்சாம் வகுப்போடை நிண்டவர்,” என்றார் மச்சான் கடைக்காரரிடம்.

இருவரும் சிரித்தார்கள். புதுப் பற்றறிக்கு வழக்கப்படி சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமிப் படத்துக்குக் காட்டி, கடைக்காரர் என் பக்கம் தள்ளினார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அது இறங்கவில்லை. பிளஸ் முனை மறுபக்கம், வயர் எட்டவில்லை.

“தட்டை வெட்டிப்போட்டுக் கயித்தாலை கட்டுவம்,” என்றார் மச்சான்.

உள்ளே படுத்திருந்தவளின் வீங்கிய கால்கள் வாசலால் தெரிந்தன.

“நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்,” என்று சொல்லிவிட்டு, பழையது, புதியது இரண்டையும் என் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியே போனேன்.

கடைக்காரர் தலையை ஆட்டினார். “பொட்டு வைச்சுக் குடுத்த சாமானை நான் திருப்பி எடுக்கிறேல்லை அண்ணை. சாமிக்குக் காட்டினது.”

இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் அந்தப் பொட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்குக் கோபம் கூடியது.

“இப்ப பொட்டு இல்லை. நாளைக்கு என்ரை மனுசி ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இந்தப் பையை அவிழ்த்துப் பாத்திட்டு, இதின்ரை அளவிலை ஒண்டு தாங்கோ. தரும்வரைக்கும் நான் இஞ்சைதான் நிப்பன்.”

றோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வேறு நாளென்றால் கூச்சத்தில் ஒதுங்கியிருப்பேன்.

“கோயில் குளம் தெரியாத ஆக்கள்,” என்று முணுமுணுத்தபடி அவர் உள்ளே போனார். கொண்டுவந்ததைப் பழையதன் பக்கத்தில் வைத்து, அளவையும் முனையையும் நானே பார்த்துத்தான் எடுத்தேன்.

விடிய கார் எழும்பியது. உரும்பிராயைத் தாண்டும்போது மனைவியின் போன் அடித்தது. மச்சானின் குரல் எனக்கும் கேட்டது.

“கடையிலை சத்தம் போட்டு என்ரை மானத்தை வாங்கிப்போட்டார். போய் மன்னிப்புக் கேக்கச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள். “அவர் கார் ஓட்டுறார் அண்ணை. என்னை ஆஸ்பத்திரியிலை விடவேணும்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நானில்லை.