பெண்கள் பக்கம் கேட்ட நாடகம்

நான் அந்த இசை நாடகத்தின் பரம ரசிகை. மூன்று நாள் நடந்தது, மூன்று நாளும் போனேன். பாட்டு முழுக்க மனப்பாடம், வசனம் முக்கால்வாசி மனப்பாடம். ஒரே ஒரு சின்னக் குறை, நாடகத்தை நான் பார்த்ததில்லை.

பார்க்க முடியாதபடி ஏற்பாடு அவ்வளவு சிறப்பாக இருந்தது. கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் மேடை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, பொழுதுபட்டு வரும் மஃரிபுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது பள்ளிவாசல் நிர்வாகத்தின் முதல் நிபந்தனை. ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது இரண்டாவது. அதற்காக உரப்பைகளைப் பிரித்துத் தைத்து, மைதானத்தின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு திரை கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் மேடை முழுவதும் ஆண்கள் பக்கம் போய்விட்டதை யாரோ கவனித்தார்களாம். அவிழ்த்துக் கட்ட நேரமில்லை என்று, பெண்கள் பக்கத்துக்கு இன்னொரு ஒலிபெருக்கி வைத்துத் தந்தார்கள். பெரிய மனசு.

கதை ஒன்றும் சிக்கலானதல்ல. ஒரு வாப்பா, ஒரு மகன், நாவிதன்வெளிப் பக்கம் ஒரு வயல். வயலும் வேண்டாம் வரம்பும் வேண்டாம் என்று மகன் வெளிநாடு போகிறான். இனி இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்கிறார் வாப்பா. கடைசிக் காட்சியில் திரும்பி வந்த மகன் வாசலில் நின்று ஒரு பாட்டுப் படிப்பான். பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. பிறகு டொக் என்று ஒரு சத்தம். உடனே ஆண்கள் பக்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும், அதன் பிறகு கைதட்டும். வாப்பா என்ன செய்தார்? அடித்தாரா, அணைத்தாரா, கையிலிருந்ததைப் போட்டு உடைத்தாரா? மூன்றாம் நாள், தையல் விட்ட ஓர் இடத்தில் கண்ணை வைத்தேன். யாரோ ஒருவருடைய முதுகு தெரிந்தது. நல்ல அகலமான முதுகு.

அன்றிலிருந்து கேட்கிறேன். பார்த்த ஆண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தார் என்கிறார், இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார் என்கிறார். மூன்றாமவருக்கு அன்று கச்சான் கடலை விற்றவரின் முகம்தான் ஞாபகம். எழுதிய மாஸ்டரும் வாப்பாவாக நடித்தவரும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். மகனாக நடித்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், கவனிக்கவில்லை என்கிறார். என் கணவர் முன் வரிசையில் இருந்தவர். கலியாணம் முடித்த கிழமையே அவரிடம் கேட்டேன். “எனக்கு ஞாபகமில்ல புள்ள” என்றார். இருபது வருடமாக அதே பதில். ஒரு நாடகத்தைப் பார்ப்பதற்கு இவர்களுக்கு இரண்டு கண் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

யாரோ பதிந்த கசட் ஒன்று வீடு வீடாகச் சுற்றியது. அதைப் போட்டுக்கொண்டுதான் நான் தையல் மெஷினை மிதித்தேன். பாட்டு முடிந்து அந்த இடம் வரும்போது மிதிப்பதை நிறுத்திவிடுவேன். என்னவோ அன்றைக்குத் தெரிந்துவிடப் போவதுபோல.

போன வருடம் நிந்தவூர்ப் பொடியன் ஒருவர் கட்டாரிலிருந்து கமராவும் ட்ரோனுமாக வந்திறங்கினார். அந்த நாடகத்தைப் படமாக எடுக்கப் போவதாக பேஸ்புக்கில் போட்டார். ஊருக்குச் சன்னி பிடித்தது. போஸ்டர் எப்போது வரும் என்று சொல்ல ஒரு போஸ்டர் வந்தது. ஆண்களுடைய வட்ஸ்அப் குழுவில் மகனுக்குத் தாடி வைப்பதா மழிப்பதா என்று ஒரு மாதம் சண்டை. இசைக் கருவியே ஆகாது, ரபான் கொட்டு மட்டும் போதும் என்று ஒருவர் நாலு நிமிடக் குரல் பதிவில் விளக்கினார். அவருடைய போன் அடித்தால் வரும் சினிமாப் பாட்டு ஊருக்கே தெரியும். ஒலுவில் துறைமுகத்தை மேலேயிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டும் ஒரு வீடியோவும் வந்தது. கதையில் கடலே கிடையாது. ட்ரோன் இருக்கிறதே, என்ன செய்வது?

நாங்களும் ‘பொம்புளப்பக்கம்’ என்று ஒரு குழு தொடங்கினோம். எங்களுக்குத் தாடி பற்றிக் கவலையில்லை. கடைசிக் காட்சியை எடுத்தாயிற்றா என்ற ஒரே கேள்விதான். பெண்களுக்கு, ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தனிக்காட்சி என்று அறிவிப்பு வந்ததும், என்ன உடுப்பது என்று பேச்சு மாறியது. எனக்குத் தையல் வேலை குவிந்தது. வெளியில் கிண்டலடித்துக்கொண்டே நாள் எண்ணினேன். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்காமல் என்னை எடுத்துவிடாதே என்று அல்லாஹ்விடம் கேட்டதும் உண்மைதான்.

ஒரு நாள் பகல், கணவர் வயலுக்குப் போயிருந்த நேரம், டைரக்டர்ப் பொடியன் வீடு தேடி வந்தார். வாசல் கேட்டுக்கு உள்ளே கதிரை போட்டு இருக்கவைத்தேன். நாடகம் நடந்தபோது அவர் தொட்டிலில் கிடந்திருப்பார். கையில் அதே கசட்டின் பிரதி.

“ராத்தா, வாப்பா கடைசியில என்ன செஞ்சாரெண்டு செல்லுங்க. ஆம்புளயள்ட கேட்டா ஆளுக்கொண்டு செல்றாங்க. நீங்கதான் மூணு நாளும் போனீங்களாமே.”

போனேன். போனது வேறு, பார்த்தது வேறு என்று சொல்லியிருக்கலாம். மைதானத்தின் மற்றப் பக்கத்துக்கு மேடை தெரிந்ததா என்று இத்தனை வருடத்தில் ஓர் ஆண்பிள்ளை கேட்டதில்லை, இவரும் கேட்கவில்லை. நான் எதை அறியக் காத்திருந்தேனோ அதை என்னிடமே கேட்டு வந்து நிற்கிறார்.

“வாப்பா ஒண்டும் கதைக்கல்ல” என்றேன். “உள்ளுக்குப் போய் ஒரு மர வாங்கத் தூக்கிட்டு வந்து வாசல்ல வெச்சாரு. மகன் இரிக்கிறத்துக்கு.”

அந்த வாங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளையான எங்கள் காக்கா தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்துவிட்டு ஒரு பெருநாளன்று வந்து வாசலில் நின்றார். எங்கள் வாப்பா ஓதிக்கொண்டிருந்த கிதாபிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காக்கா நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டார். வாப்பாவின் மையித்து எடுக்கத்தான் அடுத்த முறை வந்தார். உட்கார ஒரு வாங்குதான் குறைந்தது அன்று.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார்.

போன கிழமை டிரெய்லர் வந்தது. மகன் வாசலில் நிற்கிறான், பாட்டு முடிகிறது, வாப்பா வாங்கைக் கொண்டுவந்து வைக்கிறார், டொக். ஆண்கள் குழுவில் மழைபோல் செய்தி. அப்போது பார்த்த மாதிரியே இருக்கிறது, ஓர் இம்மிகூட மாற்றவில்லை என்று. அறைந்தார் என்றவரும் எழுதியிருந்தார், கட்டிப்பிடித்தார் என்றவரும் எழுதியிருந்தார். பொம்புளப்பக்கத்தில் ஒரே அழுகை, அல்ஹம்துலில்லாஹ், கடைசியில் பார்த்துவிட்டோமே என்று.

என் கணவர் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார்.

“ஓம் புள்ள, வாங்குதான். இப்ப நல்லா ஞாபகம் வருது.”

உண்மையாகவா என்று கேட்டேன். வாங்கின் ஒரு கால் ஆடியதுகூட ஞாபகம் என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிற முகமில்லை அது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்? ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பார்க்காமல் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.