எரியாமல் போன வேர்முடிச்சு

நல்ல செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதெல்லாம் என் பெருமை. அதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

மலாயாவில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து மைக்ராஸ்கோப்பைத் தொட்டவன் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார ஆய்வாளர் ஓடிவிட்டார். அவர் வகைபிரித்து வைத்திருந்த கிருமிக் குப்பிகளோடு கூடம் என் கைக்கு வந்தது.

புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி மரங்களை வெட்டிச் சோயா போடச் சொன்னார். முதல் பயிர் மஞ்சளடித்து நின்றது. அடுத்ததும் இப்படியானால் என்னையும், வேர் பார்க்கும் கூட்டத்துப் பன்னிரண்டு பேரையும் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் தோட்டத்திலிருந்து சயாம் போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை.

ரப்பர் மரத்தடியைக் கிளறி, நோய் தெரிந்தால் வேரை வெட்டி எரிப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை. அதன் தலைவி எங்கள் அடுத்த வீட்டு அக்கா. சோயா வேரில் சின்ன முடிச்சு ஏதாவது கண்ணில் பட்டதா என்று அவரிடம் கேட்டேன். காற்றிலிருந்து செடிக்கு உரம் எடுத்துக் கொடுக்கும் கிருமி அந்த முடிச்சில்தான் குடியிருக்கும்.

“பட்டுச்சே. முன்ன சீனக்காரர் சோயா போட்ட மூலையில எல்லா வேர்லயும் கட்டி. பிடுங்கி எரிச்சிட்டோம்.”

“யாரைக் கேட்டு எரிச்சீங்க?”

“நீதானே தம்பி சொன்ன? வேர்ல வித்தியாசமா எது இருந்தாலும் கேள்வி கேக்காம எரிச்சிடுன்னு. ஸ்டூல் மேல ஏறி நின்னு சொன்னியே லா.”

ரப்பருக்குச் சொன்னதைச் சோயாவுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருநாளாவது வயலில் இறங்கியிருந்தால் தடுத்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “நேத்து போட்ட கட்டு மழையில தீ பிடிக்கல. லோங்காங் ஓரத்துல கிடக்கு, போய்ப் பாரு.”

ஓடினேன். சாக்கடை ஓரத்தில் நனைந்து கிடந்த செடிகளில் முடிச்சுகள் இன்னும் கெட்டியாக இருந்தன. சுத்தம் செய்ய ஸ்பிரிட் இல்லாததால் அவற்றைச் சம்சுவில் குளிப்பாட்டினேன். குடிக்கிற சாராயத்தை வேருக்கு ஊற்றுகிறானே என்று லயமே வயிறெரிந்தது. பாசாரில் பலகாரத்துக்கு விற்கும் அகார்-அகார் கடற்பாசியைச் சோயா வேகவைத்த நீரிலும் பனங்கருப்பட்டியிலும் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி, நசுக்கிய முடிச்சைத் தடவினேன்.

இரண்டே நாளில் தட்டெல்லாம் வழவழவென்று கிருமி. குதித்தேன். பால் டின்களில் நட்ட விதைகளுக்கு அதைத் தடவினேன்; முளைத்தவை மஞ்சளாகவே நின்றன. ரப்பர் மரங்களுக்கிடையே படரும் மூடுகொடியின் முடிச்சிலிருந்து எடுத்த கிருமியும் சோயாவை எட்டிப்பார்க்கவில்லை.

கழுவாமல் மறந்து வைத்திருந்த ஒரு தட்டில், எட்டாம் நாள், வெள்ளையாகச் சில புள்ளிகள் தெரிந்தன. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறி இரண்டாம் நாளே முடிவு கட்டியிருக்கிறேன். அந்தப் புள்ளியைத் தடவிய டின்களில் மட்டும் செடி பச்சை கட்டியது. சோயாவின் கிருமி மெதுவாக வளர்வது; இரண்டு நாளில் வழவழத்தது வேறு எதுவோ. எந்தக் கிருமி எந்த வேருக்குச் சொந்தம் என்று பார்த்துப் பிரிப்பதுதான் வகைபிரித்தல் என்பது குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் எனக்கு உறைக்கவில்லை.

அக்காவின் கூட்டம் அந்தக் கிருமியை மரவள்ளிக் கஞ்சியில் குழைத்து விதைகளில் பூசி நட்டது. இந்த முறை நான் தினமும் வயலில் இருந்தேன்.

அதிகாரி வந்த காலையில் வயல் முழுக்கக் கரும்பச்சை. வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். “பாகுஸ்”, நன்று, என்று மலாயில் ஒரே சொல் சொன்னார். பிறகு சயாம் பட்டியலை எடுத்து எங்கள் பதின்மூன்று பெயர்களையும் அடித்தார்.

அவர் கார் திரும்பியதும் அக்கா ஒரு செடியைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு. ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே வெற்றிலை போட்ட வாய்போலச் சிவப்பு; கிருமி வேலை செய்கிற அடையாளம். அதை என் மூக்கருகே நீட்டினார்.

“வித்தியாசமா இருக்கே தம்பி. எரிச்சிடவா?”